மாலை வகுப்பும் மாணாக்கர் காப்பும்

கல்லூரியின் மாலை மணி அடித்து ஓய்ந்ததும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விநாள் முடிந்துவிடுவதில்லை. ஒரு பிள்ளை வீட்டுக்குச் சென்று தேநீர் அருந்திவிட்டுப் பண்ணிசை வகுப்புக்குப் புறப்படுகின்றது. மற்றொரு பிள்ளை மிருதங்கத்தைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டிக்கொண்டு குருவின் வீட்டை நாடுகின்றது. செவ்வாய் மாலையிற் பரதம். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை. தமிழ்மொழித்தினப் போட்டி நெருங்கிவிட்டால் நாள்தோறும் நாடகப் பழக்கம். கடல் கடந்த நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்களின் பிள்ளைகளோ, வார இறுதியில் வாடகைக்குப் பெற்ற பள்ளிக் கட்டடம் ஒன்றில் அரிச்சுவடி பயில்கின்றனர். மொழியும் இசையும் கூத்தும் சமயமும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது பெரும்பாலும் இம்மாலை வேளைகளிலும் விடுமுறை வேளைகளிலுமே எனலாம்.

இவ்வேளைகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பகலிற் பிள்ளை பாடசாலையின் பொறுப்பில் உள்ளது. இரவிற் பெற்றாரின் பொறுப்பில் உள்ளது. இடைப்பட்ட இரண்டு மணிநேரமும் அப்பிள்ளை யாருடைய பொறுப்பு? பாடசாலைக்கு அதிபர் உண்டு, வரவு இடாப்பு உண்டு, திணைக்களத்தின் சுற்றுநிருபங்கள் உண்டு, சுவரும் வாயிற் காவலாளியும் உண்டு. மாலை வகுப்பிலோ கற்பிப்பவர் ஒருவர், விரித்த பாய் ஒன்று, சுருதிப்பெட்டி ஒன்று என்பவற்றோடு எல்லாம் முடிந்துவிடுகின்றன. பெற்றார் குருவை நம்புகின்றனர். குரு பெற்றாரை நம்புகின்றார். இருவருடைய நம்பிக்கைக்கும் நடுவே பிள்ளை தனித்து நிற்கின்றது. அவ்விடைவெளியை அடைக்கும் விதிகள் யாவை, அவை எதன்பொருட்டு வேண்டப்படுகின்றன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணையின் வெளிச்சம்

நம் முன்னோர் திண்ணையிற் கற்றனர். 1848 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, வகுப்பு முறையையும் படிமுறையான பாடநூல்களையும் சைவக் கல்விக்குக் கொணர்ந்தார்கள். அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், திண்ணைப் பள்ளிக்கூடங்களே ஊர்தோறும் எழுத்தறிவித்தன.

திண்ணை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள இடம். அதற்குக் கதவு இல்லை. தண்ணீர்க் குடத்துடன் போகும் பெண்ணும், தோட்டத்துக்குப் போகும் கமக்காரனும், படலையில் நின்று கதைக்கும் முதியவரும் அங்கு நடக்கும் பாடத்தைக் கண்டும் கேட்டும் சென்றனர். பிள்ளை பிழைபடச் சொன்னால் ஊர் கேட்டது. ஆசிரியர் வரம்பு கடந்தாலும் ஊர் கண்டது. மட்டக்களப்புக் கூத்து மரபிலும் இவ்வியல்பு உண்டு. அண்ணாவியார் சட்டங்கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை பழக்கம் யாவும் ஊரார் சூழ்ந்திருக்கும் களரியிலேயே நிகழும்.

திண்ணையில் எல்லாம் நன்றாகவே நடந்தன என்று யாம் கூற வரவில்லை. கோதண்டம் போட்டதும் பிரம்பு பேசியதும் அங்கேதான். ஊரார் கண்ட கொடுமையை ஊராரே ஒழுங்கென்று ஏற்றுக்கொண்ட காலமும் இருந்தது. ஆதலின் திண்ணையின் பிரம்பை நாம் விட்டுவிடுவோம். அதன் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இன்று வகுப்புக்கள் திண்ணையை விட்டு அறைக்குள்ளே சென்றுவிட்டன. அறைக்குக் கதவு வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதன் பின் அறையே வேண்டாதபடி கைத்தொலைபேசியும் வந்தது. ஆகவே, முன்னாளில் இடத்தின் அமைப்பே தந்த காப்பை இந்நாளில் விதியினால் அமைத்துக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கின்றோம். அவ்விதிகள் பலவாயினும் அவற்றின் உட்கருத்து ஒன்றே. பிள்ளையும் பெரியவரும் கூடும் இடம், கூடும் காலம், கூடும் ஆள், அவர் பேசும் சொல் ஆகிய நான்கும் மறைவின்றி இருத்தல் வேண்டும். இந்நான்கினையும் முறையே காண்பாம்.

ஆள்

யார் கற்பிக்கலாம் என்று கேட்பது மேல்நாட்டார் கற்றுத்தந்த வழக்கம் என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். தமிழ் கற்றார் இதனை ஒப்பார். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரின் இலக்கணத்தைக் கூறிய அளவில் நின்றுவிடவில்லை. ஆசிரியர் ஆகாதார் யாவர் என்பதையும் தனியே வகுத்துக் கூறினார். இழிகுணமும் அவாவும் வஞ்சமும் உடையார், கேட்போர்க்கு அச்சம் விளையப் பேசுவார் ஆகியோரை அவர் அவ்வரிசையில் வைத்தார். அன்னோருக்கு அவர் காட்டிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. கருக்கு மட்டைகளால் தன்னை மூடிக்கொண்டு எவரையும் அண்டவிடாத பனையை நம் வடபுலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆசிரியரை ஆராய்ந்து கொள்ளுமாறு இலக்கண நூல் விதித்திருக்க, இன்று நாம் ஆராயக் கூசுவானேன்?

ஆராய்தல் எவ்வாறு? கற்பிக்க வருபவர், உதவிக்கு நிற்கும் தொண்டர், பக்கவாத்தியம் வாசிப்பவர், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வாகன ஓட்டுநர் ஆகிய யாவருக்கும் ஒரே முறை வேண்டும். அடையாள அட்டையின் பிரதி, முன்னர்க் கற்பித்த இடங்களில் இருவரின் சாட்சியம், கிராம அலுவலரின் நற்சான்று, இயலுமிடத்துப் பொலிஸ் நற்சான்று ஆகியவற்றைப் பெற்று வைத்தல் வேண்டும். சாட்சியம் தந்தவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ, “உங்கள் பிள்ளையை இவரிடம் மீண்டும் விடுவீர்களா?” என்று கேட்டுவிடுதல் கடிதங்கள் பலவற்றினும் பயன் தருவதாகும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சான்றிதழ் என்பது முன்னர் அகப்பட்டவரை மாத்திரமே காட்டும், அகப்படாதவரைக் காட்டாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோருட் பெரும்பாலார் அப்பிள்ளைகளுக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. ஊரில் நற்பெயர் படைத்தவரும், கோயிற் காரியங்களில் முன்னிற்பவரும் விதிக்குப் புறம்பானவர் அல்லர். விதி எல்லாருக்கும் பொதுவாயின் எவருக்கும் அவமதிப்பு இல்லை. ஒருவருக்கு விலக்களித்தால் மற்றையோர் அனைவருக்கும் அவமதிப்பாம்.

இடம்

வகுப்பு நடக்கும் இடத்தின் கதவு திறந்திருத்தல் வேண்டும். கதவைச் சாத்தியே தீரவேண்டுமாயின் கண்ணாடி பதித்த கதவாதல் வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் நிலை நேராதிருக்க, வகுப்பு நடக்கும் இடத்தில் எப்பொழுதும் பெரியவர் இருவரேனும் இருத்தல் வேண்டும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியன தனித்தனியே கற்பிக்கப்படுவன. அங்கு இரண்டாம் பெரியவருக்கு இடமேது என்று கேட்கலாம். பெற்றாருள் ஒருவர் விறாந்தையில் அமர்ந்திருக்கலாம். அடுத்த மாணாக்கன் அதே அறையில் இருந்து கேட்கலாம். கேள்வியால் வளரும் கலைக்கு அடுத்தவன் பாடத்தைக் கேட்டலும் ஒரு பயிற்சியே.

ஒப்பனை அறை தனியே கவனிக்க வேண்டிய இடம். நடன நிகழ்ச்சியிலும் நாடகத்திலும் பிள்ளைகள் உடைமாற்றும் அறைக்குள் யார் புகலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்டிரும், ஆண்பிள்ளைகளுக்குப் பெற்றார் ஒப்பிய ஆடவரும் நிற்றல் வேண்டும். அங்கே புகைப்படக்காரருக்கும் கைத்தொலைபேசிக்கும் இடமில்லை.

காப்பு என்றவுடன் மனிதர் செய்யும் தீங்கை மாத்திரம் நினைத்தலும் போதாது. நம் அறநெறிப் பாடசாலைகள் பல கோயில் வீதியிலே நடப்பன. அங்கே கேணி உண்டு. மூடியில்லாக் கிணறு உண்டு. வகுப்புத் தொடங்குமுன் விளையாடச் சென்ற சிறுவனுக்குக் கேணியின் பாசி பிடித்த படி எத்துணைக் கொடியது என்பதைக் கூற வேண்டியதில்லை. கேணிக்குக் கதவும் கிணற்றுக்கு மூடியும் இடுதல் முதல் வேலை. மேடையிற் குத்துவிளக்கின் சுடருக்கும் பிள்ளைகளின் தாவணி, ஒப்பனை உடை என்பவற்றுக்கும் நடுவே போதிய தூரம் வேண்டும். மின்கம்பிகள் ஒழுங்காயிருத்தல், முதலுதவிப் பெட்டி, வெளியேறும் வழிகள் இரண்டு என்பனவும் வேண்டற்பாலன. விபத்து நேரின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். அவ்விலக்கம் சுவரிற் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருத்தல் நன்று.

காலம்

பிள்ளை வந்த நேரமும் சென்ற நேரமும் எழுதப்படாத வகுப்பு, கணக்கு எழுதாத கடை போன்றது. ஒவ்வொரு வகுப்புக்கும் வரவு இடாப்பு வேண்டும். அதிற் பிள்ளையின் பெயர், பெற்றாரின் தொலைபேசி இலக்கங்கள் இரண்டு, பிள்ளைக்குள்ள நோய், ஒவ்வாத உணவும் மருந்தும், அழைத்துச் செல்ல உரிமையுடையார் பெயர் ஆகியன இருத்தல் வேண்டும். வழமையாக வரும் பிள்ளை வராவிடின் பதினைந்து நிமிடத்துக்குள் வீட்டுக்கு அறிவித்தல் வேண்டும். “வகுப்புக்குப் போய்விட்டது” என்று தாயும், “இன்று வரவில்லைப் போலும்” என்று ஆசிரியரும் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த வேளையே மிகவும் அஞ்சத்தக்கது.

வகுப்பு முடிந்த பின்னரே ஆபத்து மிகும் என்பதை யாம் இங்கு வற்புறுத்துகின்றோம். ஏனைய பிள்ளைகள் போய்விட, ஒரு பிள்ளை மட்டும் தந்தையின் வரவை நோக்கிப் படலையில் நிற்கின்றது. இருட்டுகின்றது, மழையும் தூறுகின்றது. அப்பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வதும் தவறு. ஆசிரியர் தனியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வதும் தகாது. கடைசிப் பிள்ளை வீடு செல்லும் வரை பெரியவர் இருவர் நிற்றல் வேண்டும். இதற்கெனப் பெற்றாருக்குள் முறை வைத்துக்கொள்வது எளிது. இடாப்பிற் பெயரில்லாத எவர் வந்து, “மாமா அனுப்பினார்” என்று கூறினும் தொலைபேசியிற் கேட்டு உறுதி செய்யாமற் பிள்ளையை அனுப்புதல் கூடாது.

போட்டிகளுக்கும் கலைவிழாக்களுக்கும் வெளியூர் செல்லுங்கால் விதி மேலும் இறுகுதல் வேண்டும். பெற்றாரின் எழுத்து மூலமான சம்மதம், பயண ஒழுங்கின் பிரதி, பெண்பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் ஒருவர், பெரியவர் உறங்கும் அறையிற் பிள்ளைகளைச் சேர்க்காமை ஆகிய நான்கும் இன்றி எப்பயணமும் தொடங்கலாகாது.

கையும் பிரம்பும்

மொழி வகுப்பிற் கையைத் தொட வேண்டிய தேவை மிகக் குறைவு. அரிச்சுவடி எழுதும் சிறு பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பது வித்தியாரம்பம் முதல் வந்த வழக்கம். அதனை விலக்குவார் இலர். கலை வகுப்பிலோ மிருதங்கத்தில் விரலை வைக்கும் இடமும், அரைமண்டியில் முழங்கால் விரியும் அளவும், வீணையில் மணிக்கட்டின் நிலையும் திருத்தப்பட வேண்டியனவே. அவ்விடத்து விதி எளிது. முதலிற் செய்து காட்டுக, அடுத்துச் சொல்லித் திருத்துக, தொட்டே ஆகவேண்டுமாயின், “தோளைச் சற்று நிமிர்த்தப் போகிறேன், சரியா?” என்று கேட்டு, பிறர் காண, வேண்டிய அளவு மாத்திரம் தொடுக. பிள்ளை விலகினால் அத்துடன் நிறுத்துக. தட்டுக்கழி தாளம் தட்டுதற்கு உரியது. காலைத் தட்டுதற்கு உரியதன்று.

மாணாக்கன் ஆசிரியரைத் தீயிடத்திற்போல மிக அணுகாமலும் மிக நீங்காமலும் பழக வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. அவ்வளவு தூரத்தை மாணாக்கர் மீது மட்டும் சுமத்துதல் நீதியன்று. பெரியவரும் அறிவுடையாருமாகிய ஆசிரியரே அதனை முதலிற் காத்தல் வேண்டும். ஒரு பிள்ளைக்கு மாத்திரம் பரிசுப் பொருள் வாங்குதல், தனியே உணவு உண்ண அழைத்தல், “இதை வீட்டிற் சொல்லாதே” எனக் கூறுதல் ஆகிய மூன்றும் அத்தூரம் குறைந்துவிட்டதற்கு அறிகுறிகள்.

அடியைப் பற்றியும் ஒரு சொல். “அடியாத மாடு படியாது” என்பது மாட்டைப் பற்றிய பழமொழி. அதனைப் பிள்ளைமேல் ஏற்றியவர் நாமே. பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபங்கள் விடுத்தது. ஆசிரியர் ஒருவர் மாணவர் ஒருவரை அறைந்தமை தொடர்பான வழக்கில், கொடூரமான, மனிதத் தன்மையற்ற நடாத்துகையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகலிற் பாடசாலையில் ஆகாத அடி, மாலையிற் கோயில் மண்டபத்தில் மட்டும் ஆகுமோ? அன்றியும், மொழியை அடித்துப் புகட்டினால் பிள்ளை அடியையும் மொழியையும் சேர்த்தே வெறுக்கும். பரீட்சைப் பாடத்தை வெறுத்த பிள்ளையும் அதனைப் படித்தே தீரவேண்டும். மரபை வெறுத்த பிள்ளைக்கோ விட்டுப்போக வழி உண்டு.

சொல்

இனி, தமிழாசிரியராகிய எமக்குச் சிறப்பாக உரிய பகுதிக்கு வருவாம். தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல் என்பதும் ஒன்றென நாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். அவையில் வெளிப்படக் கூறத்தகாத சொல்லை மறைத்து வேறு சொல்லாற் கூறுதல் அது. அது நாகரிகமே. ஆயினும் பிள்ளைகளிடத்து நாம் அவ்வடக்கலை எல்லை கடந்து கொண்டுபோய்விட்டோம். தலை, கண், மூக்கு, தோள், முழங்கால், பாதம் என்று உடலுறுப்புக்களைச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் சில இடங்களைத் தாண்டிச் செல்கின்றோம். அதன் பயனாகப் பிள்ளைக்கு அவ்வுறுப்புக்கட்கு வெட்கப்படாமற் சொல்லத்தக்க ஒரு பெயரும் கிடைப்பதில்லை. தனக்கு நேர்ந்த தீங்கைத் தாயிடம் உரைக்க நினைக்கும் பிள்ளை, சொல் இல்லாமையால் வாய் அடைத்து நிற்கின்றது.

புலம்பெயர் நாடுகளில் இவ்வில்லாமை இரட்டிக்கின்றது. பிள்ளைக்கு அந்நாட்டு மொழியிற் சொல் தெரியும். வீட்டிலிருக்கும் பாட்டிக்கு அம்மொழி தெரியாது. பாட்டிக்குத் தெரிந்த தமிழிற் பிள்ளைக்குச் சொல் இல்லை. நாம் கற்பிக்கும் தமிழ், பொங்கலையும் தீபாவளியையும் பற்றிப் பத்து வாக்கியம் எழுதுவதற்கு உதவினாற் போதாது. “எனக்குப் பயமாக இருக்கிறது”, “அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை”, “என்னைத் தொட வேண்டாம்”, “நான் அம்மாவிடம் சொல்லுவேன்” என்னும் நான்கு வாக்கியங்களும் முதலாம் வகுப்புப் பாடத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். தாய்மொழி என்பது பிள்ளை துன்பம் வந்தவிடத்துத் தாயை அழைக்கும் மொழி. அவ்வேளையில் உதவாத மொழியைப் பிள்ளை எதற்காகப் போற்றும்?

குழூஉக்குறியும் தகுதி வழக்கினுள் அடங்கும். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்கும் சொல் அது. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு இத்தகைய மறைமொழி வைத்துக்கொள்ளுதல் எவ்வாற்றானும் தகாது. கைத்தொலைபேசிச் செய்திக்கும் இதுவே விதி. வகுப்புப் பற்றிய செய்தி பெற்றாருக்கே போதல் வேண்டும். வாட்ஸ்அப்பிற் குழு அமைப்பின் அக்குழுவிற் பெற்றாரும் பொறுப்பாளரும் இருத்தல் வேண்டும். ஆசிரியர் மாணாக்கருக்குத் தனிச்செய்தி அனுப்புதலும் இரவில் அழைத்தலும் விலக்கத்தக்கன. 2020 இற் பெருந்தொற்றுப் பரவிய காலந்தொட்டு வீட்டிலிருந்தே திரையில் இசை கற்கும் பிள்ளைகள் பலர். அவ்வகுப்பு நடக்கும் வேளையிற் கதவு திறந்திருக்க, வீட்டார் ஒருவர் காதுகேட்கும் தூரத்தில் இருத்தல் நன்று. பிள்ளைகளின் படத்தைப் பெற்றாரின் சம்மதமின்றி முகநூலில் இடுதல் கூடாது. படத்தோடு பெயர், பாடசாலை, வகுப்பு நேரம் ஆகியவற்றைச் சேர்த்து இடுதல், அறியாதார்க்கு வழிகாட்டி அனுப்புவதை ஒக்கும்.

பிள்ளை சொன்னால் என் செய்வது?

விரும்பிச் சென்ற வகுப்புக்குத் திடீரெனப் போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், சோம்பல் என்று ஏசுமுன் காரணத்தை மெல்லக் கேட்க வேண்டும். அடம் ஒன்றே தீங்குக்குச் சான்றாகாது; ஆயினும் கேளாதிருத்தற்கு நியாயமும் ஆகாது.

பிள்ளை வாய் திறந்து ஒன்றைச் சொன்னால், கேட்பவர் செய்யத்தக்கன சில. அமைதியாகக் கேட்டல் வேண்டும். “நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையதன்று” என்று கூறல் வேண்டும். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தலாகாது. காப்பதற்கு வேண்டியவரிடம் மட்டும் சொல்வேன் என்று கூறலாம். வழக்கறிஞரைப்போலத் துருவித் துருவி வினவுதலும், வந்தவர் போனவர் அனைவர் முன்னிலையிலும் மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தலும் கூடா. பிள்ளையின் சொற்களை அவ்வாறே, நாளும் நேரமும் குறித்து, அன்றே எழுதி வைத்தல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் நாமே சென்று விசாரித்தல் கூடாது. அது சாட்சியைக் கெடுக்கும், பிள்ளையையும் அச்சுறுத்தும்.

அடுத்து உரிய இடத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்கென்றே உள்ளது. பொலிஸ் நிலையங்களின் சிறுவர் மகளிர் பிரிவிலும் அறிவிக்கலாம். சிறுவர்க்குக் கொடுமை செய்தலைத் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமாக வகுத்த திருத்தச் சட்டம் 1995 இலேயே வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை உரியவர் வகுப்பிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். அது தீர்ப்பன்று, காப்பு.

ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தகைய செய்திகளை ஏற்பதற்கெனப் பொறுப்பாளர் ஒருவர், அவர்மீதே முறைப்பாடு எழுந்தால் ஏற்பதற்கு மற்றொருவர், ஆக இருவரின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருத்தல் வேண்டும்.

கடல் கடந்த நாடுகளில்

நம் பழைய மாணவர் பலர் பிற நாடுகளிலே தமிழ்ப் பாடசாலைகளுக்குத் தோள்கொடுத்து வருகின்றனர். அந்நாடுகளின் விதிகளை இங்குள்ளோரும் அறிதல் பயனுடைத்து.

இங்கிலாந்திற் பிள்ளைகளோடு பணியாற்றுவோரின் குற்றப் பதிவை ஆராய்ந்து சான்று தரும் அரச அமைப்பு 2012 முதல் இயங்கிவருகின்றது. பாடசாலைக்குப் புறம்பான மாலை, வார இறுதி வகுப்புக்களுக்கெனவே கல்வி அமைச்சு 2020 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மரபுமொழி வகுப்புக்களுக்கு 1977 இல் அரச ஆதரவு தொடங்கியது. அம்மாகாணத்திற் பிள்ளை ஒன்று தீங்குக்கு உள்ளாகின்றதென ஐயுறத் தக்க காரணம் உடையவர் அதனைத் தாமே நேரடியாக அறிவித்தல் வேண்டும். அதிபரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்குதல் சட்டத்துக்கு ஒவ்வாது. அவுஸ்திரேலியாவில் நிறுவனங்களிற் சிறுவர்க்கு நேர்ந்த பாலியற் கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்தியது. விக்ரோறியா மாநிலத்தில் 2022 யூலை 1 முதல் 11 சிறுவர் பாதுகாப்பு நியமங்கள் நடைமுறையில் உள்ளன. அவ்வாணைக்குழு கண்டவற்றுள் நெஞ்சை உறுத்துவது யாதெனில், பல இடங்களிற் பிள்ளைகள் சொல்லியும், நிறுவனத்தின் பெயரைக் காக்கும் பொருட்டுப் பெரியவர்கள் அதனை மூடி மறைத்தனர் என்பதே. அந்நிறுவனங்களுட் பல நம் போன்றே சமயமும் பண்பாடும் வளர்க்க எழுந்தவை.

ஐயங்களும் விடைகளும்

“குருவை ஐயுறுதல் பாவமன்றோ?” என்பார் உளர். இவ்விதிகள் குருவை ஐயுறவில்லை, மறைவை ஐயுறுகின்றன. திறந்த கதவின் முன் கற்பிக்கும் நல்லாசிரியர்மேல் வீண்பழி சுமத்துவதும் அரிதாகும். ஆதலின் விதி மாணாக்கருக்கு வேலியாவதோடு ஆசிரியருக்கும் கவசமாகின்றது.

“ஊதியமின்றிக் கற்பிப்பவரிடம் சான்றிதழ் கேட்கலாமோ?” என்பார் உளர். ஊதியம் பெறாத மருத்துவரும் கைகழுவியே சிகிச்சை செய்வார்.

“ஊர்ப்பெயர் கெடுமே, பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?” என்பதே எல்லாவற்றினும் வலிய தடை. அவ்வாறு எண்ணி, குற்றம் கேட்ட ஒருவரை ஓசையின்றி வேறோர் ஊருக்கு அனுப்பிவிடுவோரும் உண்டு. அது பாம்பைப் பிடித்து அடுத்த வளவுக்குள் எறிவது போன்றது. அங்கும் பிள்ளைகள் விளையாடுகின்றனர். பிள்ளையின் பெயர் வெளிவராமற் காப்பது நம் கடன்; குற்றம் வெளிவராமற் காப்பது நம் கடனன்று. மூடி மறைத்ததனால் எந்த நிறுவனத்தின் பெயரும் நெடுநாள் நின்றதில்லை.

நிறைவாக

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. சிறுபான்மை இனத்துப் பிள்ளை தன் மொழியையும் சமயத்தையும் பண்பாட்டையும் பயில உரியது என்று அதன் 30 ஆம் உறுப்புரை கூறுகின்றது. எவ்வகைக் கொடுமையினின்றும் பிள்ளையைக் காத்தல் வேண்டும் என்று 19 ஆம் உறுப்புரை கூறுகின்றது. முன்னையதை நாம் உரிமையோடு எடுத்துரைக்கின்றோம்; மேடைதோறும் முழங்குகின்றோம். பின்னையதை ஏற்காமல் முன்னையதை மாத்திரம் கேட்பது முறையாகாது.

பழைய மாணவ நண்பர்களே, இவ்விழாக் காலத்திற் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் பொருள் திரட்டுகின்றீர்கள், போற்றத்தக்கது. அத்துடன் உங்கள் ஊரில், உங்கள் நகரில் நடைபெறும் மாலை வகுப்பு ஒன்றுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கதவு திறந்திருக்கின்றதா, இடாப்பு உண்டா, கேணிக்கு வேலி உண்டா, கடைசிப் பிள்ளையோடு நிற்பவர் யார் என்று பாருங்கள். இல்லாதவற்றை அமைக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாணவர்காள், உங்களுக்கு ஒன்று கூறுவோம். பெரியவரை மதித்தல் நம் மரபு. மதித்தல் என்பது மனத்துக்கு ஒவ்வாததைப் பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள்படாது. வேண்டாம் என்று சொல்லுங்கள், விலகிச் செல்லுங்கள், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உரையுங்கள். அவர் கேளாவிடின் மற்றொருவரிடம் உரையுங்கள்.

உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எம் வேண்டுகோள் ஒன்றே. நம் பிள்ளைகள் பிற்காலத்தில் நாம் கற்பித்த பாட்டை மறக்கலாம். இலக்கண விதியையும் மறக்கலாம். அச்சமின்றி நம்மிடம் வந்து, அச்சமின்றி வீடு திரும்பினோம் என்பதை மறவாதிருந்தால், தம் பிள்ளைகளையும் தமிழ் கற்க அனுப்புவர். மரபு தொடர்வதற்கு வழி அதுவே.